டிரம்முக்குள் இருப்பதை எப்படி அறிவது? பாதரசக் கழிவில் மாதிரி எடுக்கும் வழிகள்

அந்த நிலையத்தின் உள்வாசலில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் மோதிரம், செயின், தோடு எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பாதரசம் தங்கத்தில் பட்டால் விடாது. பட்ட இடம் வெள்ளியைப் போல வெளுத்துவிடும், துடைத்தாலும் போகாது. நானும் மோதிரத்தைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மதுரையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் சேர்ந்த மருத்துவமனைகள், கல்லூரி ஆய்வகங்கள், தொழிற்சாலைகளிலிருந்து அபாயக் கழிவு வாங்கும் நிலையம் அது. மருத்துவமனைகள் டிஜிட்டல் கருவிக்கு மாற மாற, பழைய பிபி கருவிகளும் தெர்மாமீட்டர்களும் டிரம் டிரம்மாக வருகின்றன. கூடவே உடைந்த டியூப் லைட், சிஎஃப்எல், பாதரசம் கொட்டிய தரையைக் கூட்டி அள்ளிய மண். ஒவ்வொரு டிரம்மிலும் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று கண்டறிய அவர்களிடம் மூன்று யோசனைகள் இருந்தன. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகத்தை அளக்கும், கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ஆர்எஃப் கருவி ஒன்றை வாங்கிவிடலாம். இல்லையென்றால் எல்லா டிரம்முக்கும் கசிவுச் சோதனை, அதாவது கழிவைக் கரைசலில் போட்டால் எவ்வளவு பாதரசம் கரைந்து வருகிறது என்று பார்ப்பது, செய்துவிடலாம். அதுவும் வேண்டாமென்றால் மாதிரி எடுக்கும் முறையையே மாற்றி, அதற்கு ஆளையும் நேரத்தையும் ஒதுக்கலாம். கையில் இருப்பதோ ஒன்றுக்கான பணம். எதற்குப் போடுவது என்று என்னிடம் கேட்டார்கள். இருபது வருடமாக மண்ணிலும் கழிவிலும் உலோகம் தேடுகிற வேலையில் இருக்கிறேன். அவர்களிடம் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு இடங்களிலும் வரும்.

முதலில், எதற்காக அளக்கிறோம் என்பது. டிரம் போகக்கூடிய வழிகள் இரண்டு. பாதரசம் அதிகமாக இருந்தால் சூடாக்கி ஆவியாக்கிக் குளிரவைத்துத் திரும்ப எடுக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்ற சிவப்புப் பாதரசத் தாதுவை, வாலை என்ற காய்ச்சி வடிக்கும் பாத்திரத்தில் வைத்து ரசம் இறக்குவார்களே, அடிப்படையில் அதே வேலை. குறைவாக இருந்தால் கந்தகத்தோடு சேர்த்துக் கட்டி, பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பில் புதைக்கலாம். கந்தகத்தோடு சேர்ந்த பாதரசம் வேதியியல்படி சாதிலிங்கமேதான். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. வாலைக்குப் போக வேண்டிய டிரம் தவறிப்போய்ப் புதைகுழிக்குப் போனால், உலோகப் பாதரசம் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். அமெரிக்க விதிகளில் கிலோவுக்கு 260 மில்லிகிராம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தொட்டுவிட்டாலே அந்தக் கழிவு அதிகப் பாதரச வகை, மீட்டெடுக்கும் வழிக்குத்தான் போக வேண்டும். நம்மூரில் அதே எண் சட்டமாக இல்லாவிட்டாலும், வேலைக்கு நல்ல அளவுகோல்.

தவறாக வகைப்படுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நாம் தூரம் போக வேண்டாம், மலையேறினால் போதும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வெளியே போன உடைந்த கண்ணாடி 2001-இல் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து மீட்டது 7.4 டன். அந்த ஆண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கண்ணாடிக் கழிவை மீட்டெடுப்புக்காகக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஆலை வளாக மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவுக்குச் சுத்தம் செய்வதா, அதற்கும் கீழே கொண்டுவருவதா என்று பிறகு பல வருடம் வழக்கு நடந்தது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. பாம்பாற்றுத் தண்ணீர்தான் கும்பக்கரையில் அருவியாக விழுந்து வைகைப் பக்கம் வருகிறது. மதுரைக்காரர்களுக்கு இது யாரோ ஒருவர் ஊர்க் கதை இல்லை. பார்க்கக் கண்ணாடிதான் என்று நினைத்து, கண்ணாடிக்குள்ளும் அதன் மேலும் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமல் விட்டதில் தொடங்கிய கதை.

சரி, நம் டிரம்முக்கு வருவோம்.

மாதிரியே வேண்டாத கழிவு

மூன்று யோசனைக்கும் முன்னால் செலவில்லாத ஒன்று உண்டு: பிரிப்பது. உடையாத பிபி கருவியையும், பாட்டிலில் வந்த பாதரசத்தையும், முழுசாக இருக்கிற தெர்மாமீட்டரையும் சோதித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. உள்ளே இருப்பது பாதரசம் என்று எல்லாருக்கும் தெரியும். அனுப்பியவர் எழுதிக்கொடுத்த விவரத்தை வைத்தே நேராக வாலைக்கு அனுப்பலாம். எத்தனையோ இடங்களில் இதற்கும் சோதனைக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தைக் கலந்த டிரம்முக்குச் செலவழித்திருக்கலாம்.

கசடும், கார்பன் வடிகட்டியிலிருந்து வரும் கரியும், டியூப் லைட்டை உடைத்துத் தனியே பிரித்த வெள்ளைப் பொடியும் இன்னொரு வகை. இவற்றில் பாதரசம் மணியாக உருளாமல் பொடியோடு ஒட்டிப் பரவியிருக்கும். ஐந்தாறு இடத்தில் எடுத்துக் கலந்தால் போதும், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

உண்மையான தலைவலி மூன்றாவது வகையில்தான்: உடைந்த கண்ணாடி, தரை மண், பஞ்சு, துணி, நடுநடுவே பாதரச மணிகள்.

பொங்கலில் மிளகு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில் ஒன்றாக வெந்ததால் உண்மை. இந்த டிரம் சோற்றுப் பானை இல்லை, வெண்பொங்கல். ஒரு கரண்டியில் நாலு மிளகு வரும், அடுத்த கரண்டியில் ஒன்றுகூட வராது. மொத்தப் பொங்கலில் எவ்வளவு மிளகு என்று ஒரு கரண்டியை வைத்துச் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 200 கிலோ டிரம், சராசரி கிலோவுக்கு 50 மில்லிகிராம் பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 கிராம். பாதரசம் தண்ணீரைப் போல பதின்மூன்றரை மடங்கு கனம் என்பதால், அந்தப் பத்து கிராம் முக்கால் மில்லிகூட வராது. ஒரு டீஸ்பூனில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அது முழுக்க ஒரு மில்லிமீட்டர் மணிகளாகக் கிடந்தால், மணி ஒன்று 7 மில்லிகிராம். டிரம் முழுக்கச் சுமார் 1,400 மணி, கிலோவுக்கு ஏழு.

மேலாக 100 கிராம் அள்ளுகிறோம். சராசரியாக 0.7 மணி வரும். அப்படியென்றால் இரண்டில் ஒரு தடவை ஒரு மணிகூட வராது, டிரம் சுத்தம் என்று சான்றிதழ் வாங்கிவிடும். அந்த 100 கிராமிலிருந்து ஆய்வகம் எடுத்துக் கரைப்பதோ வழக்கமாக அரை கிராம். அரை கிராமில் மணி மாட்டுவது ஏறத்தாழ 280-க்கு ஒரு முறை. மாட்டிய அன்றைக்கு விடை கிலோவுக்கு 14,000 மில்லிகிராம் என்று வரும், எல்லாரும் பதறுவார்கள். மற்ற 279 தடவையும் ஒன்றுமில்லை என்று வரும், எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். இரண்டு விடையும் பொய். உண்மை 50.

கருவி இங்கே எந்தத் தப்பும் செய்யவில்லை. அது தன்னிடம் கொடுத்த அரை கிராமைச் சரியாகவே அளந்தது. எவ்வளவு விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. என் முடிவு இங்கிருந்துதான் தொடங்குகிறது: பணமும் நேரமும் முதலில் மாதிரி எடுப்பதற்குப் போக வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்கு வந்த புதிதில், வேறொரு இடத்தில், ஒரு டிரம்மின் மூடியைத் திறந்து மேலாக இரண்டு கரண்டி அள்ளிப் பாட்டிலில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். டிரம் உருட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “சார், மேல அள்ளிட்டுப் போறீக. உருட்டி நிறுத்துனதுக்கு அப்பறமும் உள்ள ஏதோ நகருது சார். அடில பாருங்க” என்றார். நான் பார்க்கவில்லை. சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. சில வாரம் கழித்து, மூடிய அறையில் டிரம்மைத் தட்டில் கவிழ்த்தபோது கண்ணாடித் துண்டுகளுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பாதரசம் தேங்கி நின்றது. டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால், அதைச் சுற்றி ஊசிமுனை ஊசிமுனையாகத் தட்டு முழுக்க மின்னியது. அந்தப் பெரியவர் கையால் உணர்ந்ததை நான் கேட்டிருந்தால் அந்தச் சோதனையே தேவைப்பட்டிருக்காது. இப்போது எந்த நிலையத்துக்குப் போனாலும், டிரம் இறக்கியவரிடம் முதலில் பேசிவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்கிறேன்.

எப்படி எடுப்பது

ஒரே இடத்தில் அள்ளுவது என்னவென்று பார்த்துவிட்டோம். மேல், நடு, அடி என்று நாலைந்து இடத்தில் எடுத்துக் கலப்பது அதைவிடப் பரவாயில்லை, ஆனால் மணி விழுந்த கழிவுக்கு அதுவும் பத்தாது. குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை எடுக்கும் பழைய முறையை நம் ஆய்வகங்கள் மிகவும் நம்புகின்றன. நெல்லுக்கும் சிமெண்டுக்கும் அது சரி. பாதரச மணி குவியலின் சரிவில் உருண்டு அடி ஓரத்தில் போய் நின்றுவிடும். எந்தக் கால் பங்கில் நின்றதோ அந்தப் பங்கு முழுப் பொய் சொல்லும்.

நான் சொல்வது, சிறிது சிறிதாகப் பல இடத்தில் எடுப்பது. கழிவை ஒரு தட்டில் மெல்லிசாகப் பரப்பி, கட்டம் கட்டமாகப் பிரித்து, முப்பது கட்டத்திலும் ஒரே அளவு, மேலிருந்து அடிவரை எடுக்க வேண்டும். கட்டத்துக்கு 170 கிராம் என்றால் மொத்தம் ஐந்து கிலோ. அதே கணக்கின்படி ஐந்து கிலோவில் 35 மணி வரும். ஐந்தாறு கூடலாம், குறையலாம். விடை 50 என்பது 40 ஆகவோ 60 ஆகவோ வரக்கூடும், பூஜ்யமாக வராது. இதையே இன்னும் இரண்டு தடவை, வேறு இடங்களில் தொட்டுச் செய்தால், மூன்று விடையும் எவ்வளவு விலகுகின்றன என்றும் தெரியும். விலகல் பெரிதாக இருந்தால் சராசரியை விட்டுவிட்டுப் பெரிய எண்ணை வைத்தே முடிவெடுங்கள்.

பரப்ப இடமில்லை, டிரம்மிலேயே எடுக்க வேண்டும் என்றால் நீளக் குழாய் ஒன்று வேண்டும். கீழமாசி வீதியில் மூட்டைக்குள் குத்தி அரிசி பார்க்கும் குத்தூசி போலவேதான், ஆனால் டிரம்மின் அடிவரை போகும் நீளத்தில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். பித்தளையையும் அலுமினியத்தையும் பாதரசம் பிடித்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் பாதரசம் குழாயிலேயே தங்கி விடை குறையும். கண்ணாடித் துண்டு நிறைந்த டிரம்மில் குழாய் இறங்காது. அங்கே பரப்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஐந்து கிலோவை ஆய்வகத்துக்கு அப்படியே அனுப்ப முடியாது, அங்கேயும் அதே அரை கிராம் சிக்கல். இதற்குத் தெற்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டறையைக் கூட்டிய மண்ணில் தங்கம் எவ்வளவு என்று பார்ப்பவர், ஒரு சிட்டிகை எடுத்து உரசிப் பார்ப்பதில்லை. மண்ணை அரித்து, கனமானதை அடியில் தங்கவிட்டு எடுத்துவிடுவார். அதேபோல ஐந்து கிலோவையும் வெள்ளை எனாமல் தட்டில் தண்ணீர் விட்டு அரித்து, அடியில் தங்கும் மணிகளைத் தனியே சேர்த்து நேராக எடை போட வேண்டும். மிச்சம் நிற்கும் மண்ணைக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டையும் கூட்டினால் விடை. அரித்த தண்ணீரும் கழிவுதான், சாக்கடைக்குப் போகக் கூடாது. மிச்ச மண்ணிலும் அரை கிராமுக்குப் பதில் இருபது, முப்பது கிராமை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலிலிருந்து எடுத்து அளக்கும்படி ஆய்வகத்திடம் கேளுங்கள். உலோகப் பாதரசம் நைட்ரிக் அமிலத்தில் கரைந்துவிடும். கரைசல் ஆன பிறகு மிளகுப் பிரச்சினை கிடையாது.

இதெல்லாம் காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய வேலை. பாதரச ஆவி வெயிலோடு ஏறும். 20 டிகிரியில் மூடிய இடத்துக் காற்று ஒரு கனமீட்டருக்கு 13 மில்லிகிராம் வரை ஆவியைத் தாங்கும், 30 டிகிரியில் அது 30-ஐ நெருங்கும், 40 டிகிரியில் 60-ஐத் தாண்டும். வேலையிடத்தில் இருக்கலாம் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த எல்லை 0.05 மட்டும். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் நாம் அறிந்ததுதான். தகரக் கூரைக்குக் கீழே நடுப்பகலில் டிரம் திறக்கச் சொல்லும் மேலாளரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். பாதரச ஆவிக்கான வடிகட்டி போட்ட முகக்கவசம் வேண்டும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் ஆவியை நிறுத்தாது. பரப்புகிறவருக்கும் அரிக்கிறவருக்கும் இது கட்டாயம். குறிப்பெழுதுகிற என்னைவிட அவர்கள்தான் பல மணி நேரம் அதன் மேல் குனிந்து நிற்கிறார்கள்.

கருவியா, கசிவுச் சோதனையா

எக்ஸ்ஆர்எஃப் கருவியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரை நிமிடத்தில் விடை தரும், பரப்பிய தட்டில் எந்தப் பக்கம் அதிகம் என்று காட்டும், அதிகம் உள்ள டிரம்மையும் குறைந்ததையும் அன்றைக்கே இரண்டு வரிசையாகப் பிரித்துவிடலாம். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பில் ஒரு காசு அகலம், சில மில்லிமீட்டர் ஆழம். கழிவு ஈரமாக இருந்தால் எண் குறையும். கிலோவுக்குப் பத்து மில்லிகிராமுக்குக் கீழே அதை வைத்து முடிவெடுக்க முடியாது. மாதிரி எடுக்கும் முறை சரியான பிறகு இரண்டாவதாக வாங்க வேண்டிய பொருள் அது.

கசிவுச் சோதனை கொஞ்சம் நின்று பேச வேண்டியது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் பாதரசத்துக்கான கசிவு எல்லை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். கழிவை 9.5 மில்லிமீட்டருக்குக் கீழ் உடைத்து, அதைப் போல 20 மடங்கு எடை அசெட்டிக் அமிலக் கரைசலில் போட்டு, 18 மணி நேரம் சுழற்றி, வடிகட்டி, கரைசலில் வந்ததை அளப்பார்கள். டி.சி.எல்.பி. என்பது இதுதான். புதைகுழியில் மழைத்தண்ணீர் பட்டால் எவ்வளவு கசியும் என்பதற்கான ஒத்திகை. சட்டம் கேட்கும் இடத்தில் செய்துதான் ஆக வேண்டும்.

எல்லா டிரம்முக்கும் இதையே முதல் சோதனையாக வைப்பதை நான் ஏற்கவில்லை. இரண்டு காரணம். ஒன்று, வீண் செலவு. கழிவில் இருக்கும் பாதரசம் முழுதும் கரைந்து வந்தாலும், 20 மடங்கு கரைசலில் அது இருபதில் ஒரு பங்காகத்தான் இருக்கும். அதனால் மொத்த அளவு கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே என்று உறுதியானால், கசிவு 0.2-ஐத் தாண்டவே முடியாது, சோதனை தேவையில்லை.

இரண்டாவது காரணம் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது. உலோகப் பாதரசம் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 0.06 மில்லிகிராம்தான் கரையும். 0.2 என்ற எல்லைக்குக் கீழே! சுழலும்போது கொஞ்சம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கூடுதலாகக் கரையலாம். ஆனாலும் மணி மணியாகப் பாதரசம் உருளும் மாதிரிகூட இந்தச் சோதனையில் தேறிவிட வாய்ப்பு உண்டு. கசியவில்லை என்ற சான்றிதழோடு அந்த டிரம் புதைகுழிக்குப் போகும். அங்கே அது ஆவியாகும், வருடக்கணக்கில் மெல்ல உருமாறும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடியபோது, பாதரசம் கலந்த கழிவு எது என்பதற்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று மொத்த அளவை வைத்தே எல்லை வகுத்தன. இந்தியாவும் 2018-இல் அந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கிறது. ஆகவே மொத்த அளவை முதலில் பாருங்கள். 260-ஐத் தொட்டாலே வாலைக்கு. 4-க்குக் கீழே என்றால் கசிவுச் சோதனை வேண்டாம். நடுவில் நிற்பவற்றுக்கு மட்டும் கசிவுச் சோதனை, அதுவும் கண்ணில் மணி தெரியாதவற்றுக்கு. மணி தெரிந்தால் எண் என்ன சொன்னாலும் வாலைக்கு அனுப்பிவிடுங்கள்.

சொந்த ஆய்வகமா, வெளி ஆய்வகமா என்றும் கேட்டார்கள். மாதிரியை அப்படியே சூடாக்கி ஆவியைத் தங்கத்தில் பிடித்து அளக்கும் கருவி வேகமானது. ஒரு மாதிரிக்கு ஆறேழு நிமிடம், அமிலம் வேண்டாம். ஆனால் அது எடுப்பது கிராமில் பத்தில் ஒரு பங்கு, ஒரு மணி உள்ளே போனால் கருவியே பல நாள் அசுத்தம். கசடுக்கும் விளக்குப் பொடிக்கும் மிக நல்லது, உடைந்த கண்ணாடிக்கு ஆகாது. மாதம் சில டிரம் மட்டும் வரும் நிலையத்துக்கு வெளி ஆய்வகமே போதும்.

வெளியே அனுப்பும்போது பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ஆவி அதன் சுவர் வழியாகவே போய்விடும். டெஃப்லான் பூசிய மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில், கழுத்துவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, 28 நாளுக்குள் அளந்துவிட வேண்டும். ஒருமுறை ஒரு ஆய்வகத்தில் மாதிரியை வழக்கம்போல 105 டிகிரி அடுப்பில் இரவு முழுக்கக் காயவைத்துவிட்டு அளந்தார்கள். மண்ணுக்கு ஈயம், காட்மியம் பார்க்கும் பழக்கம். பாதரசத்தில் பெரும்பகுதி அடுப்பிலேயே போய்விட்டது, கூடவே அந்த அறையில் இருந்தவர்கள் மூச்சுக்குள்ளும். அன்றிலிருந்து பாட்டிலோடு போகும் தாளில் முதல் வரியாகச் சிவப்பு மையில் எழுதுகிறேன்: காயவைக்காதீர்கள். ஈரப்பதத்துக்குத் தனிப் பாட்டில் இணைத்திருக்கிறேன், அதைப் புகைபோக்கி அடுப்பில் மட்டும் வையுங்கள்.